தெக்கு மூலைச் செம்பு

"அடுப்படியில தெக்கு மூலையில செம்பு இருக்கு, எடுத்துட்டு வாய்யா" என்றாள் அம்மா. அக்கா மகன் எழுந்து போய் அடுப்படி வாசலில் நின்றான். உள்ளே நான்கு மூலையிலும் பாத்திரங்கள். திரும்பிப் பார்த்து, "லெஃப்டா ரைட்டா அம்மாச்சி?" என்று கேட்டான்.

"லெஃப்டும் ரைட்டும் நீ திரும்புனா மாறிப் போயிரும். தெக்கு எங்கிட்டு மாறும்?"

அவனுக்கு ஒன்பது வயது. பிறந்தது, வளர்ந்தது எல்லாம் சென்னை வேளச்சேரியில், ஏழாவது மாடியில். கோடை விடுமுறைக்குப் போடி ரயிலில் ஏறித் தேனியில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் ஓடைப்பட்டிக்கு வந்திருந்தான். மொழியியலாளர்களும் மூளை ஆய்வாளர்களும் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை அம்மா அடுப்படி வாசலிலேயே பேசி முடித்துவிட்டாள் என்பது அவனுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

ஓடைப்பட்டியில் திசை தெரியாமல் இருப்பதுதான் கஷ்டம். தெற்கே மேகமலைத் தொடர் சுவர் மாதிரி நிற்கிறது. மேற்கே சின்னமனூரைத் தாண்டிக் கேரள எல்லை மலை. சாயங்காலம் சூரியன் அதற்குப் பின்னால்தான் விழும். ஆனி, ஆடி வந்துவிட்டால் மேல்காற்று கதவை அறைகிற அறையில், கண்ணைக் கட்டி நடுத்தெருவில் நிறுத்தினாலும் மேற்கு எதுவென்று கன்னம் சொல்லிவிடும். ஊரின் பெயரை வெளியூர்ச் சந்தைகளுக்குக் கொண்டுபோன விதையில்லாத் திராட்சைத் தோட்டங்களில் கல்தூணும் கம்பிப் பந்தலும் எங்கு பார்த்தாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அங்கே கவாத்து வெட்ட வந்தவரிடம் "கெழக்க இருந்து நாலாவது வரிசை" என்றால் போதும். அவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்று கவலைப்பட வேண்டியதில்லை. பந்தியில் உட்கார்ந்திருப்பவரைக்கூட "கொஞ்சம் மேக்க தள்ளி உக்காருங்க" என்று சொல்கிற ஊர் இது.

வேளச்சேரியில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "சிக்னல்ல லெஃப்ட் எடுங்க, ஸ்ட்ரெய்ட்டா வந்து ரைட்டு." அதுவும் தமிழ்தான்.

இந்த வேறுபாட்டைச் சோதித்துப் பார்க்க ஒருவர் தமிழ்நாட்டுக்கே வந்தார். எரிக் பெடர்சன் என்ற அமெரிக்க மொழியியலாளர். நெதர்லாந்தில் நைமேகன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் 1990களில் உலகின் பல மொழிகளில் ஒரே மாதிரியான சோதனைகளை நடத்தியது. தமிழ் அவர் பங்குக்கு வந்தது. சோதனை என்றால் பெரிதாக எதுவும் இல்லை, விளையாட்டுதான். இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பார்ப்பது மற்றவருக்குத் தெரியாது. இருவரிடமும் ஒரே படக்கட்டு. பொம்மை மனிதன் மரத்துக்கு இந்தப் பக்கம் நிற்கிற படம், அந்தப் பக்கம் நிற்கிற படம், முதுகைக் காட்டி நிற்கிற படம். ஒருவர் தன் கையிலுள்ள படத்தை விவரிக்க வேண்டும், மற்றவர் அதே படத்தை எடுக்க வேண்டும். கிராமத்துத் தமிழர்கள் "மரத்துக்கு வடக்கே ஆள் நிக்கிறான்" என்றார்கள். நகரத்துத் தமிழர்கள் "மரத்துக்கு வலது பக்கம்" என்றார்கள். மேஜைமேல் கிடக்கும் ஒரு புகைப்படத்துக்குள் வடக்கைப் பார்ப்பது நகரத்து ஆளுக்கு வேடிக்கையாகத் தோன்றும். கிராமத்து ஆளுக்கு அதில் வேடிக்கை ஒன்றுமில்லை.

வாய் பேசுவது ஒன்று, மூளை நினைவில் வைப்பது இன்னொன்றாக இருக்கலாம் அல்லவா? அதற்காகப் பேச்சே தேவைப்படாத சோதனைகளையும் நைமேகன் குழு வைத்திருந்தது. மிகவும் புகழ்பெற்றது பொம்மை விலங்குகளின் வரிசை. மேஜையில் சில விலங்குப் பொம்மைகளை ஒரே பக்கம் பார்த்து நிறுத்திக் காட்டுவார்கள். பிறகு ஆளைப் பின்புறமாகத் திருப்பி, இன்னொரு மேஜையில் "அதே மாதிரி அடுக்குங்கள்" என்பார்கள். முன்பு விலங்குகள் வலக்கைப் பக்கம் பார்த்திருந்தால், இடம் வலமாக நினைவில் வைப்பவர் இப்போதும் வலக்கைப் பக்கம் பார்க்க வைப்பார். திசையாக நினைவில் வைப்பவர் இடக்கைப் பக்கம் பார்க்க வைப்பார். ஏனென்றால் ஆள்தான் திரும்பியிருக்கிறார், தெற்கு அங்கேயேதான் இருக்கிறது. அம்மா சொன்னதும் இதைத்தான். தமிழகத்தில் இரு தரப்பினரின் பேச்சில் தெரிந்த வேறுபாடு, பேச்சில்லாத சோதனையிலும் அதே பக்கம் சாய்ந்து தெரிந்தது என்று பெடர்சன் 1995இல் எழுதினார்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் குகு யிமிதிர் என்ற பழங்குடி மொழி இருக்கிறது. கங்காரு என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்த மொழி அது. அந்த மொழியில் ஒரு பொருள் இன்னொன்றுக்கு இடமா வலமா என்று சொல்லும் வழக்கமே இல்லை, எல்லாம் திசைதான். ஆகவே மொழிதான் மனத்தைச் செய்கிறது என்று வாதாடுவோருக்கு அது பிடித்தமான உதாரணம். ஆனால் என்னைக் கேட்டால் தமிழ் உதாரணம் அதைவிடக் கூர்மையானது. வலது என்ற சொல் அம்மாவுக்குத் தெரியும். தெற்கு என்ற சொல் பேரனுக்குத் தெரியும். இலக்கணம் ஒன்று, அகராதி ஒன்று. மாறியது வளர்ந்த இடம் மட்டுமே. பழியையோ பெருமையையோ மொழியின் தலையில் கட்ட இங்கே வழியில்லை.

எதிர்வாதமும் உண்டு. பெக்கி லீ, லைலா கிளைட்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்க மாணவர்களையே, திரை மூடிய அறையில் வைத்துச் சோதித்தபோது ஒரு விடையும், சுற்றுப்புறம் கண்ணில் படும்போதோ மேஜையில் ஓர் அடையாளப் பொருளை வைத்தபோதோ வேறு விடையும் வந்தது. ஆகவே மொழியும் இல்லை, பிறவியும் இல்லை, பக்கத்தில் என்ன தெரிகிறது என்பதுதான் முடிவு செய்கிறது என்றார்கள். நைமேகன் குழு அதை மறுத்தது. சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் இரு தரப்புமே அறியாமல் ஒரே இடத்தைத்தான் சுட்டுகிறார்கள்: கண்ணுக்கு எதிரே மலை இருக்கிறதா, எதிர்வீட்டு பால்கனி இருக்கிறதா என்பது சின்ன விஷயம் இல்லை.

ஏன் என்பதற்கு எலிகள் விடை சொல்கின்றன. 1971இல் லண்டனில் ஜான் ஓ'கீஃப், எலியின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் விந்தையான செல்களைக் கண்டார். எலி அறையின் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் ஒரு செல் துடிக்கும். இன்னோர் இடத்துக்குப் போனால் இன்னொரு செல். 1984இல் நியூயார்க்கில் ஜேம்ஸ் ராங்க் வேறு வகைச் செல்களைக் கண்டார். எலி எங்கே நின்றாலும் சரி, தலை ஒரு குறிப்பிட்ட திசையைப் பார்த்தால் மட்டும் அவை துடிக்கும். தலைத்திசைச் செல்கள். 2005இல் நார்வேயில் மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் இடத்தைக் கட்டம் கட்டி அளக்கும் செல்களைக் கண்டார்கள். 2014இல் ஓ'கீஃபுக்கும் மோசர் இணைக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ராங்குக்கு அதில் பங்கில்லை. இந்த அத்தியாயத்துக்கோ அவர்தான் முக்கியம்.

ஏனென்றால் அந்தத் தலைத்திசைச் செல் காந்த ஊசி அல்ல. அதற்கு வடக்கு தெரியாது. எலி இருக்கும் வட்டமான தொட்டியின் சுவரில் ஒரு வெள்ளை அட்டையை ஒட்டிவைப்பார்கள். எலி இல்லாத நேரத்தில் அட்டையைத் தொண்ணூறு பாகை நகர்த்திவிட்டால், திரும்பி வரும் எலியின் செல்கள் எல்லாம் சேர்ந்தாற்போல் தொண்ணூறு பாகை நகர்ந்துவிடும். செல்லுக்குத் தேவை ஒரு நங்கூரம்: தூரத்தில், அசையாமல், எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிற ஏதோ ஒன்று. ஓடைப்பட்டிக்காரனுக்கு மேகமலைதான் அந்த வெள்ளை அட்டை. சென்னையிலும் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. நகரத்தின் கிழக்கு எல்லை முழுக்கக் கடல். ஆனால் ஊரோ தட்டையானது, கட்டடங்களைத் தாண்டிக் கடல் தெரியாது. திருவல்லிக்கேணிப் பையனுக்கு இருக்கிற கிழக்கு வேளச்சேரிப் பையனுக்கு இல்லை.

இதை நானே பட்டு அறிந்திருக்கிறேன். முதன்முதலாக இரவுப் பேருந்தில் தூங்கிக்கொண்டே போய்க் கோயம்பேட்டில் இறங்கியபோது, எனக்கு வடக்காகப் பட்ட பக்கத்தில் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது. தப்பு என்று புத்திக்குத் தெரிகிறது, உடம்பு ஒப்புக்கொள்ளவில்லை. வருஷக்கணக்காக அந்த இடத்துக்குப் போகும்போதெல்லாம் அதே கோணல். திக்குத் தெரியாமல் நிற்பது என்று நாம் சொல்வதற்குள் ஒரு துல்லியமான உடலியல் நிகழ்ச்சி ஒளிந்திருக்கிறது. தூங்கிப்போன மூளை, விழித்ததும் கையில் கிடைத்த முதல் அட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு வடக்கைத் தீர்மானித்துவிடுகிறது. அதன்பின் லேசில் விடுவதில்லை.

இதெல்லாம் ஒருத்தர் இரண்டு பேர் கதை. லட்சக்கணக்கானவர்களிடம் சோதித்தால்? 2016இல் 'சீ ஹீரோ குவெஸ்ட்' என்ற கைபேசி விளையாட்டு வந்தது. படகை ஓட்டிக்கொண்டு வழி கண்டுபிடிக்க வேண்டும். மறதி நோய் ஆய்வுக்காக லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஹியூகோ ஸ்பியர்ஸ் முதலானோர் வடிவமைத்தது. ஆடியவர்கள் தாங்கள் எங்கே வளர்ந்தோம் என்பதையும் குறிப்பிட்டார்கள். 38 நாடுகளைச் சேர்ந்த 3,97,162 பேரின் ஆட்டத்தை அலசி, 2022இல் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். வயது, படிப்பு, ஆண் பெண் வேறுபாடு எல்லாவற்றையும் கழித்த பிறகும், நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள் சராசரியாக வழி கண்டுபிடிப்பதில் மேலே நின்றார்கள். இப்போது எங்கே வாழ்கிறார்கள் என்பது அந்த அளவுக்குக் கணக்கில் வரவில்லை. எங்கே வளர்ந்தார்கள் என்பதே கணக்கு.

அதைவிடச் சுவையான செய்தி அடுத்தது. எல்லா நகரமும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. சிகாகோ போலச் சதுரங்கக் கட்டமாகத் தெரு போட்ட நகரங்கள் நிறைந்த நாடுகளில்தான் கிராமத்துக்கும் நகரத்துக்கும் இடைவெளி பெரிது. பிராக் போல வளைந்து நெளிந்த பழைய நகரங்களில் வளர்ந்தவர்களிடம் இடைவெளி சொற்பம். நேர்த்தெரு பிள்ளையின் மூளைக்கு வேலை வைப்பதில்லை. கோணல் தெரு வைக்கிறது. நகரத் திட்டமிடுவோர் பெருமையாகக் கீறும் நேர்கோட்டுக்கு இப்படி ஒரு விலை இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இந்த இடத்தில் மதுரையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மீனாட்சி கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாகத் தெருக்கள். கட்டம்தான். ஆனால் ஒவ்வொரு தெருவின் பெயரிலும் திசை உண்டு: கீழமாசி வீதி, மேலமாசி வீதி, வடக்கு மாசி வீதி, தெற்கு மாசி வீதி. நடுவில் தலைதூக்கிப் பார்த்தால் தெரிகிற கோபுரங்கள். எலித் தொட்டியில் ஒட்டிய வெள்ளை அட்டையை நம் ஆட்கள் கல்லிலும் சுதையிலும் கட்டி வைத்திருக்கிறார்கள். பெருநகரம் என்றாலே பிள்ளைக்குத் திசை மறந்துபோக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

அக்கா மகனைப் பற்றித் தப்பாக நினைத்துவிட வேண்டாம். கிண்டி, ஆலந்தூர் மெட்ரோ நிலையங்களில் எந்தப் படி ஏறினால் எந்த நடைமேடை என்று அவன்தான் எனக்கு வழிகாட்டி. மெட்ரோ ரயிலின் பாதையை இணைப்புகளாக, நிறுத்தங்களாக, மாறும் இடங்களாக மனத்தில் வைத்திருக்கிறான். அதில் வடக்கும் தெற்கும் தேவையில்லை. அவன் மூளை குறைந்துபோகவில்லை. தான் வளர்ந்த ஊருக்கு என்ன வேண்டுமோ அதைக் கற்றுக்கொண்டிருக்கிறது. அம்மாவை ஆலந்தூரில் இறக்கிவிட்டால் தெற்கு தெரியும், வெளியே வரும் வழி தெரியாது.

வேகத்துக்கும் இதே கதைதான். 2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர். தேனி மாவட்டத்தில் 434 பேர். கூட்டம் கூடக்கூடக் கால் வேகமெடுக்கும் என்பது 1976இல் வந்த கண்டுபிடிப்பு. மார்க் போர்ன்ஸ்டைன், ஹெலன் போர்ன்ஸ்டைன் இருவரும் பல நாடுகளில் 15 ஊர்களில் தெருவில் நடப்பவர்களுக்கு நிறுத்துகடிகாரம் பிடித்துப் பார்த்தார்கள். மக்கள்தொகை ஏற ஏற நடை வேகமும் ஏறியது. சிங்கப்பூரில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளையோடு கம்பத்துச் சந்தையில் நடந்து பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல ஆய்வு வேண்டியதில்லை.

மனஅழுத்தம் பற்றிய ஆய்வையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாளிதழ்களின் ஞாயிறு இணைப்புகளுக்கு அது மிகப் பிடித்தது. 2011இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் ஃப்ளோரியான் லெடர்போகன், ஆண்ட்ரியாஸ் மேயர்-லிண்டன்பெர்க் குழுவினர், ஆட்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்துக் கடினமான கணக்குகளைக் கொடுத்தார்கள். போடும்போதே காதில் மாட்டிய கருவி வழியாக, நீ மற்றவர்களைவிட மோசமாகப் போடுகிறாய் என்கிற தொனியில் கடிந்துகொண்டே இருந்தார்கள். பெருநகரத்தில் வாழ்பவர்களிடம் அச்சத்தைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதி அதிகம் துடித்தது. பெருநகரத்தில் வளர்ந்தவர்களிடமோ, அந்த அமிக்டலாவை அடக்கி ஆள்கிற இன்னொரு பகுதி வேறுவிதமாக நடந்துகொண்டது. கணக்குப் போடும்போது பின்னால் நின்று திட்டுவது என்ற இந்தச் சோதனையை ஸ்கேன் கருவி இல்லாமலே நம் பள்ளிகள் எத்தனையோ தலைமுறையாகச் செய்து வருகின்றன. முதல் சோதனையில் கலந்துகொண்டவர்கள் 32 பேர் மட்டுமே என்பதையும், எல்லோரும் ஜெர்மானியர் என்பதையும் ஞாயிறு இணைப்புகள் எழுதுவதில்லை. நகரத்தில் வளர்ந்தால் தீவிர மனநோய் வரும் வாய்ப்பு கூடும் என்று ஐரோப்பிய ஆய்வுகள் பல சொல்லியிருக்கின்றன. ஆனால் 2018இல் 42 வளரும் நாடுகளின் தரவை அலசியபோது அந்தத் தொடர்பு காணாமல் போயிற்று. ஐரோப்பாவில் நகரம் செய்வதை இங்கேயும் நகரம் செய்ய வேண்டும் என்பதில்லை.

செய்யாததற்கு ஒரு காரணத்தை நான் ஊகிக்கிறேன். இது என் ஊகம்தான், ஆய்வு அல்ல. கிராமத்தில் வளரும் பிள்ளைக்குத் திசை தெரிவதுபோலவே இன்னொன்றும் சீக்கிரம் தெரிந்துவிடுகிறது: எந்தத் தெரு யாருடைய தெரு, தெற்கே இருப்பவர்கள் யார், கிழக்கே இருப்பவர்கள் யார். திசைச்சொல் அங்கே பல நேரம் சாதிச்சொல்லும்கூட. 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைக் கொண்டாடியவர்களுக்கு அம்பேத்கர் கடுமையாகப் பதில் சொன்னது இதற்காகத்தான். நீ யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்காத ஒரு தெருவில் நடக்கிற நிம்மதியை எந்த ஸ்கேனில் அளப்பது? நகரத்தில் வளர்வதன் லாப நட்டக் கணக்கில் அதையும் எழுத வேண்டும்.

இதுவரை சொன்னவற்றில் எதற்கும் நான் பதறமாட்டேன். திசை தெரியாவிட்டால் கற்றுக்கொள்ளலாம். வேகமாக நடந்தால் நல்லதே. எனக்குக் கவலை தருவது ஒன்றே ஒன்றுதான். அன்றைக்குச் செம்பை எடுத்து வந்தவன் மூக்கின்மேல் அது இருந்தது.

"எங்க வம்சத்துல இந்த வயசுல யாருக்கும் கண்ணாடி போட்டதில்ல" என்றாள் அம்மா. "எல்லாம் ஃபோன் பாத்துத்தான்" என்றாள் அக்கா. இரண்டில் ஒன்று ஓரளவு உண்மை, இன்னொன்று பெரும்பாலும் திசைதிருப்பல்.

பிறந்த குழந்தையின் கண் முன்னிருந்து பின்னாக ஏறக்குறைய 17 மில்லிமீட்டர். வளர்ந்தவர் கண் சுமார் 24. வளர வேண்டிய கண் எங்கே நிற்க வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்? வில்லையின் வழியாக வரும் பிம்பம் சரியாக விழித்திரையில் விழும் இடத்தில் நிற்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தாண்டிவிட்டால் கண்ணாடியின் பவர் இரண்டரை, மூன்று கூடிவிடும். கொத்தனார் சுவரை முடித்துவிட்டு ரசமட்டம் வைத்துப் பார்ப்பதில்லை, கட்டும்போதே வைத்துப் பார்க்கிறார். கண்ணும் அப்படித்தான். தனக்குள் விழும் வெளிச்சத்தையும் பிம்பத்தையும் பார்த்துப் பார்த்தே தன்னைக் கட்டிக்கொள்கிறது. 1977இல் டோர்ஸ்டன் வீசலும் எலியோ ரவியோலாவும் குட்டிக் குரங்குகளின் கண்ணிமையை மூடித் தைத்துப் பார்த்தார்கள். தெளிவான பிம்பம் கிடைக்காத கண் நிற்கத் தெரியாமல் நீண்டுகொண்டே போய்க் கிட்டப்பார்வை ஆனது. கிட்டப்பார்வை என்பது களைத்துப்போன கண் அல்ல, அளவு தெரியாமல் வளர்ந்துவிட்ட கண்.

அப்படியானால் நகரத்துப் பிள்ளையின் கண் எதனால் அளவு தப்புகிறது? புத்தகம் என்றார்கள் பலகாலம். பிறகு டிவி, பிறகு ஃபோன். 2008இல் காத்ரின் ரோஸ், இயன் மார்கன் குழுவினர் வெளியிட்ட ஓர் ஒப்பீடு இந்த எண்ணத்தை ஆட்டிவைத்தது. சீன வம்சாவளியைச் சேர்ந்த ஆறேழு வயதுப் பிள்ளைகள், ஒரு குழு சிங்கப்பூரில், ஒரு குழு சிட்னியில். சிங்கப்பூரில் கிட்டப்பார்வை 29.1 சதவீதம். சிட்னியில் 3.3 சதவீதம். பெற்றோரின் கண்ணாடிக் கணக்கு இரண்டு ஊரிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சரி, சிட்னிப் பிள்ளைகள் படிக்காமல் சுற்றியிருப்பார்கள் என்று நினைப்போம். இல்லை, வாரத்துக்குச் சிங்கப்பூர்ப் பிள்ளைகளைவிட அதிகப் புத்தகம் படித்தவர்கள் அவர்கள்தான். பளிச்சென்று தெரிந்த வேறுபாடு வேறிடத்தில்: வீட்டுக்கு வெளியே கழித்த நேரம் சிட்னியில் வாரத்துக்கு 13.75 மணி, சிங்கப்பூரில் 3.05 மணி. இரண்டுமே பெருநகரம் என்பதைக் கவனியுங்கள். நகரம் குற்றவாளி அல்ல, கூரைதான்.

கூரைக்குக் கீழே இருட்டு என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. கண் அவ்வளவு சுலபமாகப் பழகிக்கொள்கிறது. ஆனால் வெளிச்சத்தை அளக்கும் கருவியை எடுத்து நீட்டினால் திகைப்பாக இருக்கும். டியூப்லைட் எரியும் நல்ல வகுப்பறையில் 300 முதல் 500 லக்ஸ். ஓடைப்பட்டி உச்சி வெயிலில் ஒரு லட்சத்தைத் தொடும். மர நிழலில்கூடச் சில ஆயிரம். சமையல்கட்டு விளக்குக்கும் வேப்ப மர நிழலுக்கும் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம், நமக்கோ இரண்டும் வெளிச்சம்தான். பிரகாசமான ஒளி பட்டால் விழித்திரை டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. அது கண்ணின் நீட்சிக்குக் கடிவாளம் போடுகிறது என்பதே இப்போது அதிகம் ஏற்கப்படும் விளக்கம். கோழிக்குஞ்சுகளின் கண்ணை மூடிக் கிட்டப்பார்வை உண்டாக்கும் சோதனையில், தினமும் சிறிது நேரம் அவற்றுக்கு 15,000 லக்ஸ் ஒளியையோ வெயிலையோ காட்டினால் நீட்சி மட்டுப்பட்டது.

விளையாட்டா, வெளிச்சமா என்ற சந்தேகத்துக்கும் சிட்னியிலேயே பதில் கிடைத்தது. உள்ளரங்கில் விளையாடியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. ஓடியாட வேண்டியதில்லை, வெளியே இருந்தாலே போதும்.

நம் நாட்டுக் கணக்கு என்ன? 2002இல் ஒரே முறையைப் பின்பற்றி நடந்த இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. டெல்லிப் பிள்ளைகளிடம் கிட்டப்பார்வை 7.4 சதவீதம். தெலங்கானாவின் மகபூப்நகர் மாவட்டக் கிராமங்களில் 4.1 சதவீதம். அதன்பின் டெல்லிப் பள்ளிகளில் 9,884 பிள்ளைகளைச் சோதித்து 2015இல் வந்த ஆய்வில் 13.1 சதவீதம். வயதுப் பிரிவு சற்று மாறுவதால் அப்படியே கழித்துக் கூட்டக் கூடாது. ஆனாலும் எந்தப் பக்கம் போகிறோம் என்பது தெரிகிறது. அங்கேயும் வெளியே அதிகம் விளையாடிய பிள்ளைகளிடம் கிட்டப்பார்வை குறைவு.

இதைப் படித்துவிட்டு ஓடைப்பட்டிப் பெற்றோர் நிம்மதியாகச் சாய்ந்துகொள்ள வேண்டாம். முகவரி யாருடைய கண்ணையும் காப்பாற்றாது. எங்கள் தெருவில் காலையில் ஏழரைக்கு மஞ்சள் வேன் வருகிறது. பிள்ளைகள் ஏறிப் போகிறார்கள். வகுப்பறை, வேன், டியூஷன் சென்டர், வீடு. திரும்பும்போது சூரியன் கேரள மலைக்குப் பின்னால் போயிருக்கும். மேகமலை ஜன்னலுக்கு வெளியே நிற்கிறது, பார்ப்பார் இல்லை. நான்கு திராட்சைத் தோட்டம் தள்ளி இருந்தாலும் லக்ஸ் கணக்கில் இந்தப் பிள்ளைகள் வேளச்சேரியில்தான் வளர்கிறார்கள். பெருநகரத்தில் வளர்வதற்கு இனிப் பெருநகரத்துக்குப் போக வேண்டிய அவசியமில்லை.

சரி செய்ய முடியுமா என்றால், செய்திருக்கிறார்கள். தைவானில் 2010இல் தொடங்கிய திட்டத்தின் பெயரே தினமும் 120 நிமிடம் வெளியே என்று பொருள்படும். பள்ளி இடைவேளையில் வகுப்பறையைக் காலி செய்து எல்லாரையும் வெளியே அனுப்புவதுதான் திட்டம், மருந்து மாத்திரை கிடையாது. ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போன தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் பார்வைக்குறைவு விகிதம் 2012க்குப் பிறகு இறங்கத் தொடங்கியது. சீனாவின் குவாங்சோவில் 12 பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஆறு பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே. மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால், புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதம், மற்றவற்றில் 39.5 சதவீதம். நாற்பது நிமிடம். நம் பள்ளிகளில் ஒரு பீரியடின் நீளம்.

அந்த ஒரு பீரியடு நம் கால அட்டவணையில் ஏற்கெனவே இருக்கிறது. காலாண்டுத் தேர்வு நெருங்கினால் காணாமல் போய்விடும், அவ்வளவுதான். சென்னையோ சின்னமனூரோ, தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பி.டி. பீரியடைக் கணக்கு சாருக்குக் கடன் கொடுக்காதீர்கள். மைதானம் இல்லையென்றால் ஒரு வேப்ப மரத்தடி போதும். கணக்கு சார் விடமாட்டேன் என்றால், அவரையும் அங்கேயே வந்து நடத்தச் சொல்லுங்கள்.